மணையேற்று: வினைச்சொல்

அட்வென்சோ பதிவு அலுவலகத்தில்
படிவம் பதினேழின் மூன்றாம் வரி
முன்னமே அச்சாகி வரும்:
‘.......... என்பவர் மணையேற்றப்பட்டார்.’
பெயருக்கு மட்டும் புள்ளி வைத்த இடம்.
ஏற்றியது யாரென்று எழுத
இடமே விடவில்லை.

பாதுவா, பதினோரு வருடத் தட்டச்சுக்காரி,
அந்தச் சொல்லை விரல்களால் அறிவாள்.
அக்ராவிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி ஒருவர்
‘முடிசூட்டப்பட்டார்’ என்று எழுதித் தந்தபோது
அடித்துத் திருத்தினாள்.
இந்தப் பக்கம் யார் தலையிலும்
எதையும் வைத்து ராஜாவாக்குவதில்லை ஐயா,
உடம்பின் மறுமுனையில்தான்
எல்லாம் ஆரம்பம்.

அவர் சிரிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல நினைத்தாள்:
இந்த வினைக்குத் தன்வினை கிடையாது.
தானே ஏறி உட்கார்ந்தவனுக்கு
வேறு சொல் இருக்கிறது;
அதை அச்சடித்துப் படிவமாய்த் தருவதில்லை.

குவாக்கு அம்போமா லாரி டயர் விற்றவன்.
ராணித்தாய் பிராகோ அவன் பெயரைச் சொன்ன இரவில்
அவன் நகக்கண்களில் இன்னும் கிரீஸ்.
சாராயம் தரையில் ஊற்றியாயிற்று.
ஆடு சத்தம் நிறுத்தியாயிற்று.
இருவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி
முன்னோரின் புகையேறிக் கருத்த மணைமேல்
இறக்கினார்கள்,
பட்டும் படாமலும்.
எடுத்தார்கள்.
இறக்கினார்கள்.
எடுத்தார்கள்.
மூன்றாம் முறை தொட்டதும்
வெளியே முரசு தெரிந்துகொண்டது.

ஏற்று என்கிறோம்.
நடந்ததென்னவோ இறக்கியதுதான்.
வாக்கியத்தில் எழுவாய் அவன்;
எழுந்தானா என்றால், இல்லை.

குடிக்காதே என்றார்கள். கேட்டேன் என்றான்.
எங்களைப் பிறப்பு சொல்லி ஏசாதே. கேட்டேன்.
எங்களைக் கேட்காமல் எதையும் செய்யாதே.
கேட்டேன்.
வாளை நீட்டிச் சத்தியம் செய்தான்:
பகலோ இரவோ, மழையோ வெயிலோ,
கூப்பிட்டால் வருவேன்.

எட்டு வருடம் வந்தான்.

பிறகு மஞ்சள் இயந்திரங்கள் வந்தன.
அசுபிரி என்றால் கருநீர்;
அந்த ஆறு பால்விட்ட தேநீர் நிறத்தில் ஓடியது.
தங்கம் எடுக்க நிலம் எழுதிக்கொடுத்த தாளில்
ஒரே ஒரு கையெழுத்து. செய்வினை.
எழுவாய் தெளிவாக இருந்தது.
கூப்பிட்டார்கள், பகலில் இரண்டு தடவை,
இரவில் ஒரு தடவை.

இதற்கு அவர்கள் மொழியில்
மரவள்ளிக்கிழங்குக்கு வழங்கும் சொல்தான்:
பிடுங்கு.
முதலில் செருப்பைக் கழற்றினார்கள்,
பாதம் மண்ணைத் தொடும்படி.
பிறகு அதே கைகள். அதே அக்குள்.
வெறுந்தரையில் மூன்று முறை.
இம்முறை நன்றாகவே பட்டது.

படிவம் பதினெட்டில்
பாதுவா ஒரு சொல்தான் மாற்றி அடித்தாள்.
பெயருக்கு அதே அளவு புள்ளிகள்.
அன்று ‘ஒ’ எழுத்து அடிக்கடி சிக்கியது,
அவ்வளவுதான் ஞாபகம்.

போன செவ்வாய்க்கிழமை
லாரி உரிமம் புதுப்பிக்க வந்தான்.
நரைத்திருந்தான், டயர் வாசனை திரும்பியிருந்தது.
நீல பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டி
உட்காருங்கள் என்றாள்.
உட்காரவில்லை.
இரண்டு கைகளையும் கொஞ்சம் அகற்றி
நின்றான்,
பின்னாலிருந்து யாரோ வரவேண்டும் என்பதுபோல.
வரிசையில் ஒரு குழந்தை இருமியது.
பிறகு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு
தானே
உட்கார்ந்தான்.

முத்திரைக்கு நாற்பது செடி. சில்லறை எண்ணித் தந்தான்.
எழுந்து போகும்போது
யோசிக்காமல், பழக்கத்தில்,
நாற்காலியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தான்,
காலி மணையில் வேறெந்த ஆவியும்
வந்து அமராதபடி
அவர்கள் செய்வது போலவே.

அடுத்தவர், என்றாள் பாதுவா.
அடுத்தவள் கோழி வியாபாரி;
நாற்காலியைப் பார்த்தாள், பாதுவாவைப் பார்த்தாள்,
நின்றுகொண்டே விண்ணப்பத்தை நீட்டினாள்.